இலிங்கக் கல்: அடையாளம் காணவும் ஆபத்தின்றி வைத்திருக்கவும் ஒரு கையேடு

நாட்டு மருந்துக் கடைகளில் இலிங்கம் அல்லது சாதிலிங்கம் என்றும், கனிமவியல் நூல்களில் சின்னபார் என்றும், ஓவியர்களிடையே வெர்மிலியன் என்றும் வழங்கும் சிவந்த பொருள் வேதியியல் நோக்கில் ஒன்றுதான். பாதரச அணு ஒன்றுக்குக் கந்தக அணு ஒன்று என்ற கணக்கில் இரண்டும் பிணைந்து உருவான மெர்குரிக் சல்பைடு அது. எடையில் 86.2 விழுக்காடு பாதரசம் என்பதால், 100 கிராம் தூய கல்லுக்குள் 86 கிராமுக்கு மேல் பாதரசம் அடைபட்டிருக்கிறது. நிலவியல் மாணவர்கள், கனிமம் சேகரிப்பவர்கள், மரபு வண்ணங்களைப் பயிலும் ஓவியர்கள், தாத்தா காலத்து மருந்துப் பெட்டியில் சிவப்புக் கட்டி ஒன்றைக் கண்டெடுத்து என்ன செய்வது என்று திகைப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

இக்கல்லைப் பற்றி இரண்டு எண்ணங்கள் பரவியிருக்கின்றன. தொட்டாலே நஞ்சு உடலில் ஏறிவிடும் என்று அஞ்சுவது ஒன்று. மண்ணில் விளைந்தது, மருந்திலும் சேர்வது, ஆகவே தீங்கற்றது என்று நம்புவது மற்றொன்று. முதல் எண்ணம் மிகைப்பட்டது. இரண்டாவது உயிருக்கே உலை வைக்கக்கூடியது. பாதரசத்துக்கும் கந்தகத்துக்கும் இடையே உள்ள பிணைப்பு மிக வலுவானது என்பதால், கட்டியாக இருக்கும் கல் நீரில் ஏறத்தாழக் கரைவதே இல்லை. அறை வெப்பநிலையில் தூய கல்லிலிருந்து எழும் பாதரச ஆவியும் மிகச் சொற்பம். ஆனால் தீயில் பட்டதும் அந்தப் பிணைப்பு அறுந்து, கந்தகம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக டை ஆக்சைடாகிவிட, பாதரசம் தனியே ஆவியாகி எழுகிறது. பொடித்தால், அந்த நுண்தூள் மூச்சு வழியாக நுரையீரலை அடைகிறது. கீழே சொல்லப்படும் விதிகள் அனைத்தும் இந்த இரண்டு உண்மைகளிலிருந்தே பிறந்தவை: சூடாக்கக் கூடாது, தூளாக்கக் கூடாது.

கல் எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள்

பூமிக்குள்ளிருந்து ஏறிவரும் வெந்நீர், பாறை வெடிப்புகளின் வழியே வரும்போது பாதரசத்தையும் கந்தகத்தையும் மேலே கொண்டுவந்து படியவிடும் இடங்களில் இக்கனிமம் உருவாகிறது. ஸ்பெயினின் அல்மாடென், ஸ்லோவேனியாவின் இத்ரியா, இத்தாலியின் மோந்தே அமியாத்தா, பெருவின் உவான்காவெலிக்கா, சீனாவின் குய்சோ மாகாணம், கலிஃபோர்னியாவின் நியூ அல்மாடென் ஆகியவை பெயர்பெற்ற சுரங்கப் பகுதிகள். மனிதர் இதுவரை பயன்படுத்திய பாதரசத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அல்மாடென் என்ற ஒரே ஊரிலிருந்து வந்ததாகக் கணக்கிடப்படுகிறது. அல்மாடெனும் இத்ரியாவும் இன்று சுரங்கத் தொழிலை முற்றிலும் நிறுத்திவிட்டு, 2012 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகின்றன.

இந்தியாவில் பாதரசச் சுரங்கம் இல்லை. நம் கடைகளில் கிடைக்கும் இலிங்கக் கட்டி பெரும்பாலும் பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்துப் பதங்கமாக்கிச் (அதாவது திடப்பொருளை உருக்காமல் நேரே ஆவியாக்கிப் படியவைத்து) செய்த செயற்கைப் பொருள். உடைந்த பக்கத்தைப் பார்த்தால் ஊசி ஊசியாக ஒரே திசையில் அடுக்கியது போன்ற இழையமைப்பும் பளபளப்பும் தெரியும். இயற்கைக் கல்லோ தனியே வருவது அரிது. குவார்ட்சு, கால்சைட்டு, டோலமைட்டு, பைரைட்டு போன்றவற்றோடு ஒட்டியே வரும். குய்சோவிலிருந்து வரும், வெள்ளை டோலமைட்டின் மேல் அமர்ந்த செந்நிற இரட்டைப் படிகங்கள் சேகரிப்பாளர்கள் மிகவும் விரும்புபவை. அந்தப் படிகங்களின் மினுமினுப்புக்குக் காரணம் உண்டு: இக்கனிமத்தின் ஒளிவிலகல் எண் 2.9 முதல் 3.25 வரை செல்கிறது, வைரத்தினதே 2.42தான்.

இயற்கைக் கல் என்றால், வேறெதையும் செய்வதற்கு முன் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைவில்லையால் கல்லின் குழிகளையும் பிளவுகளையும் நன்றாக ஆராயுங்கள். வெள்ளி மணிபோல உருண்டு மின்னும் துளிகள் தென்பட்டால், அவை பிணைப்பில்லாத பாதரசம். இத்ரியாவில் 1490இல் முதன்முதலாகக் கண்டெடுக்கப்பட்டது இப்படிப்பட்ட திரவப் பாதரசம்தான். துளியுள்ள கல் சூடாக்காமலேயே நாள் முழுதும் ஆவியை வெளியிடும் என்பதால், அதைக் கீழே சொல்லும் எந்தச் சோதனைக்கும் உட்படுத்தாமல், இறுகிய மூடியுள்ள கண்ணாடிச் சாடியில் உடனே இட்டு மூடிவிட வேண்டும். அப்போது கையில் மோதிரமோ வளையலோ இருக்கக் கூடாது. தங்கத்தில் பாதரசம் பட்டால் வெளிறி இரசக்கலவையாகிவிடும்.

அடையாளம் காணும் முறை

நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். இலிங்கக் கல் பளிச்சென்ற செந்தூர நிறத்திலும் இருக்கும், பழுப்புச் சிவப்பிலும் இருக்கும், வெளிச்சத்தில் நெடுநாள் கிடந்திருந்தால் ஈயச் சாம்பல் நிறத்துக்கும் மாறியிருக்கும். நம்பத்தக்க முதல் அடையாளம் கனம். எலுமிச்சம்பழ அளவுள்ள கருங்கல் துண்டு 100 கிராமை ஒட்டி இருந்தால், அதே அளவுள்ள தூய இலிங்கக் கட்டி 300 கிராமைத் தாண்டும். கையில் எடுத்த உடனேயே வேறுபாடு தெரிந்துவிடும்.

கனத்தை எண்ணாகவே அறிய விரும்பினால், 0.1 கிராம் வரை காட்டும் எண்ணியல் தராசு போதும். சமையலறைத் தராசை இதற்கு எடுக்க வேண்டாம். நைட்ரைல் கையுறை அணிந்து, காய்ந்த கல்லை முதலில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தூக்கியெறியத்தக்க நெகிழிக் குவளையில் நீர் ஊற்றித் தராசில் வைத்து, அளவைச் சுழியாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியையும் பக்கங்களையும் தொடாதபடி நீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண், கல் விலக்கிய நீரின் எடை. காய்ந்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு நீரைப்போல எத்தனை மடங்கு கனம் என்பது, கிடைக்கும். காய்ந்த எடை 48.6 கிராம், நீரில் தொங்கும்போது காட்டிய எண் 6.0 என்றால் விடை 8.1, இதுவே தூய இலிங்கத்தின் ஒப்படர்த்தி. தாய்ப்பாறை ஒட்டியிருந்தால் விடை குறைந்தே வரும் என்பதால், 5 அல்லது 6 வந்தது என்பதற்காக மட்டும் இலிங்கம் இல்லை என்று தள்ளிவிடக் கூடாது.

அடுத்தது தூள்நிறம். மெருகு பூசாத பீங்கான் வில்லையின் மேல், அரை அங்குல நீளத்துக்கு ஒரே ஒரு கோடு மெல்ல இழுத்தால் போதும். இலிங்கம் பளிச்சென்ற செந்நிறக் கோடு விடும். இரும்புக் கனிமமான ஹேமடைட்டு செம்பழுப்புக் கோடும், செம்புக் கனிமமான குப்ரைட்டு பழுப்புச் சிவப்புக் கோடும், மனோசிலை ஆரஞ்சு நிறக் கோடும் விடும். ஒப்படர்த்தியிலும் இவை பின்தங்கியவை: குப்ரைட்டு 6.1, ஹேமடைட்டு 5.3, மனோசிலை 3.5 அளவில் நிற்கும். மனோசிலை ஆர்சனிக் கனிமம் என்பதால், இலிங்கம் இல்லை என்று தெரிந்தாலே கல் பாதுகாப்பானது என்று எண்ணிவிட வேண்டாம். சோதனை முடிந்ததும் கோட்டை ஈரத் தாளால் துடைத்து, தாளைச் சிறு உறையில் இட்டு மூடுங்கள், ஊதித் தள்ளாதீர்கள்.

கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோ அளவுகோலில் இக்கனிமத்தின் கடினம் 2 முதல் 2.5 வரை, நகத்தாலேயே கீறிவிடலாம். அந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம் என்பதே என் அறிவுரை. நகக்கண்ணில் ஏறும் செந்தூள் அடுத்த வேளைச் சோற்றோடு வாய்க்குள் போகும். கனமும் தூள்நிறமும் சொல்லாத எதையும் இந்தக் கீறல் புதிதாகச் சொல்லப் போவதில்லை.

பழைய கனிமவியல் பாடநூல்களில் கண்ணாடிக் குழாயில் இட்டுச் சூடாக்கிப் பாதரச ஆடி படிகிறதா என்று பார்க்கும் சோதனை விரிவாக இருக்கும். ஒரு காலத்தில் எல்லாக் கல்லூரி ஆய்வகங்களிலும் அது வழக்கம். புகைபோக்கிப் பெட்டியும் பயிற்சி பெற்றவரும் இல்லாத எந்த இடத்திலும் அதைச் செய்யக் கூடாது. செந்நிற வளையல், மணி, செதுக்கிய டப்பா போன்றவை உண்மையான இலிங்க அரக்குவேலையா, வெறும் நெகிழியா என்று அறியச் சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கமும் அதே காரணத்தால் விலக்கத்தக்கது. ஐயம் தீரவில்லை என்றால், பொருளைச் சிதைக்காமலேயே தனிமங்களைக் காட்டும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி உள்ள பல்கலைக்கழக ஆய்வகத்தை நாடுங்கள். பொடியாகக் கிடைத்த செந்தூரத்துக்கு இது ஒன்றே வழி. சிவப்பு ஈய ஆக்சைடும் ஏறத்தாழ இதே கனமும் நிறமும் கொண்டது, அதுவும் நஞ்சு.

வைத்திருக்கும் முறையும் துடைக்கும் முறையும்

மூடியுள்ள கண்ணாடி அல்லது கெட்டி நெகிழிப் பெட்டி, அசையாமல் இருக்க அடியில் பஞ்சு, வெளியே தெளிவான பெயர்ச்சீட்டு ஆகிய மூன்றும் தேவை. சீட்டில் ‘பாதரசக் கனிமம், நஞ்சு, சூடாக்காதீர், வாயில் வைக்காதீர்’ என்று தமிழில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். கல் கிடைத்த ஊரையும் அதன் கீழே குறித்துவையுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும், பின்னொரு நாள் பெட்டியைத் திறக்கப்போகும் பேரப்பிள்ளைகளுக்கும் நீங்கள் விட்டுச்செல்லும் எச்சரிக்கை அந்தச் சீட்டுதான். சமையலறை, பூசையறை, மருந்து அலமாரி, எரிவாயு உருளை இருக்கும் மூலை, வெயில் விழும் சன்னல் ஆகிய இடங்கள் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டிய அலமாரியே ஏற்றது.

வெயிலை விலக்கச் சொல்வது நிறத்தைக் காக்கவும்தான். வெளிச்சமும் குளோரினும் சேர்ந்தால் இலிங்கத்தின் மேற்பரப்பு கறுக்கும். கிறித்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், ஃபபேரியஸ் என்ற எழுத்தர் தம் வீட்டின் தூண்கள் சூழ்ந்த முற்றத்துச் சுவர்கள் முழுவதையும் இச்செந்நிறத்தால் தீட்டச் செய்ததையும், 30 நாட்களிலேயே நிறம் திட்டுத்திட்டாகக் கெட்டுப்போனதையும் பதிவு செய்திருக்கிறார். மெழுகு பூசிக் காக்கும் முறையையும் சொல்லியிருக்கிறார். வெசுவியஸ் எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்திருந்த வீடுகளைத் தோண்டி எடுத்த பிறகு, அங்கிருந்த செஞ்சுவர்கள் கறுக்கத் தொடங்கிய காரணத்தை எக்ஸ் கதிர்கொண்டு ஆராய்ந்தவர்கள், குளோரின் சேர்ந்த பாதரசச் சேர்மங்கள் மேற்பரப்பில் உருவாகியிருப்பதைக் கண்டார்கள். ஆகவே, இக்கல்லைக் கழுவக் குழாய் நீரில் வெளுப்புத்தூள் கலப்பதோ, உப்புநீரில் ஊறவைப்பதோ கூடாது.

தூசு படிந்திருந்தால் காய்ந்த தூரிகையால் தட்டாதீர்கள். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்மையான தூரிகையால் மெல்ல ஒற்றி எடுத்து, நிழலில் உலரவிட்டால் போதும். எலுமிச்சைச் சாறு, வினிகர், அமிலம், மீயொலிக் கழுவு கருவி, உலர்த்தும் மின்விசிறிக் கருவி ஆகியவற்றுள் எதுவும் வேண்டாம். கழுவிய நீரைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒரு புட்டியில் சேர்த்து வையுங்கள். கையுறையைக் கழற்றிய பிறகும் சோப்பு போட்டுக் கை கழுவுவது பழக்கமாகட்டும்.

கல்லை அறுப்பது, துளையிடுவது, மெருகேற்றுவது, நகையில் பதிப்பது பற்றிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு மென்மையான, உராய்ந்தாலே தூளாகும் கல்லை உடலோடு உராயும்படி அணிவதற்கு எந்த நியாயமும் இல்லை. சாதாரண முகக்கவசம் தூளை ஓரளவு தடுத்தாலும் பாதரச ஆவியைத் தடுக்காது என்பதையும், வேகமாகச் சுழலும் அறுப்புச் சக்கரத்தில் சூடும் தூளும் ஒருசேர எழும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நெருப்பு படும்போது நடப்பது

இந்தப் பகுதியை ஒன்றுக்கு இரண்டு முறை படிக்க வேண்டுகிறேன். இக்கல்லால் நேர்ந்த பெருந்துன்பங்கள் பெரும்பாலும் சூடாக்கியதால் நேர்ந்தவை.

சூடேறும்போது இலிங்கம் முதலில் கறுக்கிறது. ஏறத்தாழ 580 டிகிரி செல்சியசில் முழுதும் பதங்கமாகிறது. ஆனால் காற்று படும் இடத்தில் அந்த அளவை எட்டுவதற்கு வெகு முன்பே சிதைவு தொடங்கிவிடும். எரிவாயு அடுப்பின் சுடரோ, ஊதுலையின் கரியோ இந்த வெப்பத்தை எளிதில் தாண்டும். எழும் பாதரச ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கந்தகம் எரியும் நெடி வந்தால் அதுவே ஒரே எச்சரிக்கை. அந்த நெடி அடங்கிய பிறகும் பாதரசம் அறையில் தங்கியிருக்கும்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் அகலமும் 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட அறையின் கொள்ளளவு 36 கன மீட்டர். அங்கே ஒரே ஒரு கிராம் இலிங்கம் முழுவதும் சிதைந்தால் 0.86 கிராம் பாதரசம் வெளியாகும். அதாவது கன மீட்டருக்கு ஏறத்தாழ 24 மில்லிகிராம். தொழிலிடங்களில் ஒரு நாள் வேலை நேரத்தின் சராசரிக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் மேல்வரம்பு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த வரம்பைப்போல ஏறத்தாழ 480 மடங்கு, ஒரு கிராம் கல்லிலிருந்து வந்துவிடுகிறது. நீண்ட காலம் மூச்சில் செல்லும் காற்றுக்கு உலக நல வாழ்வு அமைப்பு காட்டும் ஆண்டுச் சராசரி அளவு அதைவிடவும் குறைவு: கன மீட்டருக்கு ஒரு மைக்ரோகிராம். ஆவியின் ஒரு பகுதி சுவரிலும் துணியிலும் படியும் என்பது உண்மைதான். அப்படிப் படிந்தது பின்னர் நாள்தோறும் சிறிது சிறிதாக மறுபடி எழும்.

திரவப் பாதரசத்தை விழுங்கினால் குடலில் உறிஞ்சப்படுவது மிகமிகக் குறைவு. ஆவியாக மூச்சில் போனாலோ அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு உடலில் தங்கிவிடுகிறது. இரத்தத்திலிருந்து மூளைக்குள்ளும், கருவுற்ற பெண்ணின் நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குள்ளும் செல்கிறது. ஒரே நேரத்தில் மிகுதியாகச் சுவாசித்தால், சில மணி நேரத்தில் இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை, குமட்டல் தோன்றும். நுரையீரல் புண்பட்டு உயிரே போகலாம். சிறிது சிறிதாக நெடுநாள் சுவாசித்தால் விரல்களில் நடுக்கம், ஈறு வீக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சலும் கூச்சமும், ஞாபக மறதி, சிறுநீரகக் கோளாறு ஆகியவை மெல்ல வரும். முதுமை என்றும் மனக்கவலை என்றும் பிழையாக எடுத்துக்கொள்ளப்படும் அறிகுறிகள் இவை.

இத்ரியா மக்கள் இதை எவரைக் காட்டிலும் நன்கு அறிந்திருந்தார்கள். அங்கே 1665லேயே சுரங்கத் தொழிலாளரின் வேலை நேரம் நாளொன்றுக்கு ஆறு மணியாகக் குறைக்கப்பட்டது. ஜொவான்னி அந்தோனியோ ஸ்கோபோலி என்ற மருத்துவர் 1754 முதல் அங்கு பணியாற்றி, பாதரச நோய்களை விரிவாக எழுதி 1761இல் வெளியிட்டார். 1803இல் சுரங்கத்துக்குள் தீப்பற்றியபோது, சுரங்கத்தில் இறங்கியே இராத ஊர் மக்களும் நூற்றுக்கணக்கில் நடுக்கத்துக்கு ஆளானார்கள். கல் அதே கல்தான்; அதன்மேல் தீ படர்ந்தது என்பதே வேறுபாடு. உவான்காவெலிக்காவிலோ, ஸ்பானிய ஆட்சியில் கட்டாய உழைப்புக்கு இழுத்துவரப்பட்ட ஆண்டிஸ் மலைப்பகுதி மக்கள் சுரங்கத் தூளாலும் உலைப் புகையாலும் மடிந்தார்கள். இன்றைய பொலிவியாவிலுள்ள போதோசிச் சுரங்கத்தின் வெள்ளியைப் பிரித்தெடுக்க அந்தப் பாதரசம் தேவைப்பட்டது. இக்கல்லின் வரலாற்றைச் சொல்லும் எவரும் அவர்களை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது.

ஆகவே தூபத்தில் இடுவது, ஓமத்தில் சொரிவது, கரண்டியில் இட்டுக் காய்ச்சுவது, காணொளியைப் பார்த்து வீட்டில் புடம் போடுவது, கல்லிலிருந்து பாதரசம் வடித்துப் பார்ப்பது ஆகியவற்றுள் எதையும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். திறந்த வெளியில் செய்தால் பாதகமில்லை என்பதும் சரியல்ல. அடுப்பருகே குனிந்து நிற்பவரின் மூச்சில்தான் அந்த ஆவி முதலில் புகும்.

எதற்கெல்லாம் பயன்பட்டது

பாதரசம் எடுப்பதே இக்கல்லின் முதன்மைப் பயன். அதற்கு அடுத்தது நிறம். மெக்சிகோவின் பலெங்கேயில் 1994இல் திறக்கப்பட்ட மாயர் அரசியின் கல்லறையில் எலும்புகளும் அணிகலன்களும் இச்செந்தூளால் மூடப்பட்டிருந்தன. சீனாவில் அரக்கோடு கலந்து அடுக்கடுக்காகப் பூசிச் செதுக்கும் கலை வளர்ந்தது. முத்திரை மைக்கும் அதுவே நிறம் தந்தது. ஐரோப்பிய ஓவியத்தின் செம்மை பல நூற்றாண்டுகள் இதையே நம்பியிருந்து, இருபதாம் நூற்றாண்டில் காட்மியம் சிவப்புக்கு வழிவிட்டது. நமக்கு அருகில், கேரளத்தின் கதகளி ஒப்பனையில் முகத்துக்குச் சிவப்பு தரும் சாயில்யம் இதே பொருள்தான். அதோடு பூசும் மஞ்சள் மனையோலை ஆர்சனிக் சல்பைடு. ஓவியம் பயில்பவர்களுக்கு நான் சொல்வது: காட்சிக்குத் தேவை நிறமே என்றால், நச்சற்ற கரிம நிறமிகள் அந்தச் செம்மையை இன்று தருகின்றன. மரபுப் பொருளே வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள், உலர்தூளை வாங்கி அரைக்காமல் எண்ணெயில் ஏற்கெனவே குழைத்த குழாய்களை வாங்கிக்கொள்ளலாம். காய்ந்த ஓவியத்தை உப்புத்தாளால் தேய்க்கவோ, பழைய பூச்சைச் சூடான காற்றால் உரிக்கவோ கூடாது. பச்சை குத்தும் மையில் ஒரு காலத்தில் சேர்ந்திருந்த இந்தச் சிவப்பு, தோல் ஒவ்வாமைக்கும் காரணமாயிற்று.

சித்த மருத்துவத்தில் இலிங்கம் பாடாணங்கள் எனப்படும் நச்சுச் சரக்குகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. நச்சு நீக்கும் முறையான சுத்தியைச் செய்யாமல் அதை மருந்தில் சேர்க்கக் கூடாது என்று அந்த மரபே வலியுறுத்துகிறது. இந்திய மருந்து மற்றும் அழகுப்பொருள் விதிகளும் ஆயுர்வேத, சித்த, யுனானி முறைகளில் பயன்படும் நச்சுப் பொருள்களைத் தனி அட்டவணையாக வைத்து, அவை சேர்ந்த உள்மருந்தின் மேல், மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையை அச்சிடச் சொல்கின்றன. மெர்குரிக் சல்பைடு குடலில் குறைவாகவே உறிஞ்சப்படும் என்பது மெய். ஆயினும் உறிஞ்சப்படுவது சிறுநீரகத்தில் சேர்கிறது. செய்முறை பிசகினால் பிணைப்பில்லாத பாதரசமும் அதில் கலந்திருக்கும். பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டும், உரிமம் பெற்ற தயாரிப்பாளரின் பெயரும் இல்லாத சிவப்புப் பொடி எதையும் வாயில் போடாதீர்கள். கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், சிறுநீரக நோயுள்ளவர்கள் ஆகியோருக்குப் பாதரசம் சேர்ந்த எதுவும் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். ஏற்கெனவே உட்கொண்டு வருபவர்கள், வேறு நோய்க்காக மருத்துவமனை செல்லும்போது அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

தவறி நடந்துவிட்டால்

கல் விழுந்து நொறுங்கித் தூள் சிதறினால், முதலில் மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்திக் குழந்தைகளை வெளியேற்றுங்கள். விளக்குமாற்றால் பெருக்கவோ தூசு உறிஞ்சும் கருவியை இயக்கவோ கூடாது. இரண்டும் தூளைக் காற்றில் எழுப்பும். பெரிய துண்டுகளைக் கையுறையோடு பொறுக்கியபின், நனைத்த தாளால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றித் துடைத்து, ஒட்டுநாடாவால் மிச்சத்தை எடுத்து, எல்லாவற்றையும் இரட்டை உறையில் இட்டு மூடுங்கள். வெள்ளித் துளிகள் சிதறியிருந்தால், கெட்டி அட்டையால் அவற்றை ஒன்றுசேர்த்துச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி, இறுகிய மூடியுள்ள புட்டியில் அடையுங்கள். சன்னல்களைத் திறந்து, அறையின் உட்கதவைச் சாத்தி வையுங்கள்.

தெரியாமல் யாரேனும் சூடாக்கிவிட்டால், பொருளைக் காப்பாற்ற முனையாதீர்கள். போகிற போக்கில் அடுப்பை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு, எல்லாரும் வெளியேறுங்கள். மறுபடி உள்ளே போகாதீர்கள். அப்போது அணிந்திருந்த துணிகளைக் கழற்றித் தனி உறையில் கட்டி, குளித்துவிட்டு, அறிகுறி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் 108ஐ அழையுங்கள். ‘பாதரச ஆவியைச் சுவாசித்தேன்’ என்று அந்தச் சொற்களிலேயே மருத்துவரிடம் சொல்வது முக்கியம். சொல்லாவிட்டால் சாதாரண நுரையீரல் காய்ச்சல் என்று கருதிவிட வாய்ப்பு உண்டு. ஆவியால் உடலில் சேர்ந்த பாதரசத்தை அறியச் சிறுநீர்ச் சோதனை செய்வார்கள். உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தூளை விழுங்கிவிட்டவரை வலிந்து வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள்.

வேண்டாம் என்று முடிவு செய்தால்

குப்பைத்தொட்டியில் போட்டால் குப்பை எரியும் இடத்தில் அது பாதரச ஆவியாகும். குளத்திலோ கிணற்றிலோ எறிந்தால், சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் கரைந்துவரும் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்ற, அது மீன் வழியாக மனிதரிடமே திரும்பும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் அதிகாரப்பூர்வமாகக் கண்டறியப்பட்ட நோய், ஆலைக்கழிவில் இருந்த மெத்தில் பாதரசத்தால் வந்தது. கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் பழைய சாமான் கடையொன்றில் கிடந்தது வெளியானதும், 2001இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. மினமாட்டாவின் பெயரைத் தாங்கிய பன்னாட்டு உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதை ஏற்று உறுதி செய்தது. புதிய பாதரசச் சுரங்கங்களை அந்த உடன்படிக்கை தடை செய்கிறது. இருப்பவற்றையும் குறித்த காலத்துக்குள் மூடச் சொல்கிறது.

நல்ல இயற்கைப் படிகமாக இருந்தால் அருகிலுள்ள கல்லூரி நிலவியல் துறையையோ அருங்காட்சியகத்தையோ முதலில் கேட்டுப் பாருங்கள். பாடம் நடத்த மாதிரிக்கல் தேவைப்படுபவர்கள் மகிழ்ந்து பெற்றுக்கொள்வார்கள். உடைந்த கட்டி, பொடி, துடைத்த தாள், கழுவிய நீர் ஆகியவற்றை உடையாத புட்டிகளில் அடைத்து, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரித்து, உரிமம் பெற்ற தீங்கான கழிவு மேலாண்மை நிலையத்திடம் ஒப்படையுங்கள். பழைய சாமான் வாங்க வருபவரிடமோ, தெருவில் பாதரசம் வாங்குவோரிடமோ கொடுக்காதீர்கள். அஞ்சலிலும் கூரியரிலும் அனுப்ப வேண்டாம். விமானத்தில் பெட்டிக்குள் வைத்து எடுத்துச் செல்லவும் கூடாது. சிந்தும் பாதரசம் விமானத்தின் அலுமினிய உடலை அரித்துவிடும். ஒப்படைக்கும் நாள் வரை, பெயர்ச்சீட்டோடு பூட்டிய அலமாரியிலேயே அவை இருக்கட்டும்.